காடு கூடி யூரியா நிரப்பிய பிக்கப்

ஒரு காட்டில் ஒரு காட்டுப்பன்றி இருந்தது. அதனிடம் ஒரு தண்ணீர் டேங்க் டிரெய்லரும் இருந்தது. அதை இழுத்துக்கொண்டு போகத்தான் எதுவும் இல்லை.

பன்றியின் பெயர் நாச்சிமுத்து. சொந்தமாக டிரெய்லர் வைத்திருக்கும் ஒருவனை 'அது' என்று சொல்வது நன்றாக இல்லை. இனி 'அவன்' என்றே சொல்வோம். அந்த வருஷம் மாசி பிறப்பதற்குள்ளாகவே காட்டுக் குட்டை வற்றி, அடிச்சேறு ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது. மலைக்குக் கீழே அணையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. நடுவில் ஏழு கொண்டை ஊசி வளைவுகள். இறங்கிப் போய்க் குடித்துவிட்டு ஏறி வருவதற்குள் மறுபடியும் தாகம் எடுத்துவிடும். ஆகவே காட்டுப் பஞ்சாயத்து கூடி, அணையிலிருந்து தினமும் ஒரு டேங்க் தண்ணீர் கொண்டுவந்து குட்டையில் ஊற்றும் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டது. நாச்சிமுத்து எடுத்தான். வேறு யாரும் கேட்கவில்லை. கடும் போட்டியில் ஜெயித்ததாக வீட்டில் சொல்லிக்கொண்டான்.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு நிபந்தனை. தண்ணீர் குடித்தவர்கள் பதிவேட்டில் கால்நாட்டு வைக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் ஒரு கால்நாட்டும் விழாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. இதை எழுதியவர் பஞ்சாயத்துத் தலைவி பாவாயம்மா. அவர் யானை. காகிதத்தில் இருப்பது மட்டும்தான் உலகத்தில் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறவர்.

வண்டி வாங்கப் போகிறான் என்று தெரிந்ததும் யோசனை சொல்ல ஆட்கள் வந்துவிட்டார்கள். வண்டியே இல்லாதவர்கள்தான் வண்டியைப் பற்றி நிறையத் தெரிந்து வைத்திருப்பார்கள். மூன்று மந்திகள் நாச்சிமுத்துவைச் சாப்பிடவிடவில்லை. பெட்ரோல் வண்டி மேட்டில் மூச்சு வாங்கும், பின்னால் பாரம் மாட்டினால் படுத்துவிடும், இழுவைக்கு டீசல்தான் என்றது ஒன்று. டீசல் சரி, பழைய மாடலாகப் பார், அதில் கம்ப்யூட்டர் கிடையாது, நின்றால் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் போதும் என்றது இன்னொன்று. பழையது புகை கக்கும், செக்போஸ்டில் பிடித்துக்கொள்வார்கள், புதுசுதான் லாயக்கு என்றது மூன்றாவது. ஒரே விஷயத்தில்தான் மூன்றும் ஒத்துப்போயின. எந்த வண்டி வாங்கினாலும் முதல் சவாரிக்குத் தங்களைக் கூப்பிட வேண்டும்.

காட்டு ரோட்டோரத்தில் ஒரு ஷோரூம் இருந்தது. அங்கே குணசேகரன் என்ற நரி விற்பனை, சர்வீஸ், கடன் மூன்றையும் ஒற்றை மேஜையில் பார்த்துக்கொண்டான். அந்த வெயிலிலும் கழுத்தில் டை கட்டியிருப்பான். டை கட்டிய கழுத்தை யாரும் கடிக்க மாட்டார்கள் என்பது அவன் நம்பிக்கை. அவன் நாச்சிமுத்துவுக்கு ஒரு வெள்ளை டீசல் பிக்கப்பைக் காட்டினான். மூன்று டன் இழுக்கும், ஐந்து வருஷ உத்தரவாதம், மேட்டில் நிறுத்தி எடுத்தாலும் பின்னால் உருளாது என்றான்.

"ரிப்பேர் வருமா தம்பி?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

"வரவே வராதுங்ணா. அப்படியே வந்தாலும் அதை நாங்க ரிப்பேர்னு சொல்றதில்லீங்க, மெயின்டனன்ஸ்."

இந்தப் பதில் நாச்சிமுத்துவுக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

கடனுக்கு ஈடாக என்ன வைக்கிறீர்கள் என்று நரி கேட்டான். நாச்சிமுத்துவிடம் இருந்ததே ஒன்றுதான். நாவல் மரத்தடியில், பாறைக் கசிவில் எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு சேற்றுக்குழி. குடிக்க ஆகாது, புரளத்தான் ஆகும். அதுவும் அவனுடையது இல்லை. மனைவி மாராத்தா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீதனம். பன்றிக்கு வேர்க்காது என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். கோடையில் ஒரு பன்றிக்குச் சேறு இல்லாவிட்டால் தோல் வெந்து, காய்ச்சல் கண்டு, ஒரு வாரத்தில் கதை முடிந்துவிடும். மாராத்தாவுக்கு ஒன்பது குட்டிகள். எல்லாம் அந்தக் குழிக்குள்தான் வளர்ந்தன. வண்டி போனால் போகட்டும், அந்தக் குழி போனால் அடுத்த கோடையில் ஒன்பதில் எத்தனை மிஞ்சும் என்று சொல்ல முடியாது.

மாராத்தா காகிதத்தில் கால் வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "டிரெய்லரை வண்டி இழுக்குமுங்க மாமா. தவணையை ஆரு இழுக்கறது?"

"நான் இழுத்துருவேன்" என்றான் நாச்சிமுத்து. அவன் மனசார அப்படித்தான் நம்பினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள், காலை வைத்துக்கொடுத்தாள்.

வண்டி வந்தது. நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி, பின்னால் டிரெய்லரைக் கொக்கியில் மாட்டி, நாச்சிமுத்து முதல் வளைவில் ஏறினான். பின்னால் முழு டேங்க் தண்ணீர். வண்டி முனகக்கூட இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து மூக்கால் மண்ணைக் கிளறிப் பிழைத்த ஒருவன், ஒரு காலை லேசாக அழுத்தினால் மூன்று டன் தன் பின்னால் வருகிறது என்று கண்டால் கண் கலங்காமல் என்ன செய்யும்? அன்றிலிருந்து அவனுக்கு வண்டிப் பைத்தியம் பிடித்துவிட்டது. மாராத்தாவின் முதுகில் உண்ணி ஏறினால் தெரியாது. வண்டிக் கதவில் ஒரு கீறல் விழுந்தால் சாப்பாடு இறங்காது.

இரண்டு மாசம் நன்றாகப் போயிற்று. நன்றாகப் போயிற்று என்றால், சம்பாதித்ததெல்லாம் வண்டிக்குப் போயிற்று. முதல் சர்வீஸில் ஆயில் மாற்றினார்கள். இரண்டாவது சர்வீஸில் முதல் சர்வீஸில் மாற்றாமல் விட்டதையெல்லாம் மாற்றினார்கள். பாரம் இழுக்கிற வண்டிக்கு எல்லாம் சீக்கிரம் தேயும் என்றான் குணசேகரன். இழுப்பதற்குத்தானே வாங்கினேன் என்றான் நாச்சிமுத்து. இழுக்கலாம், தாராளமாக இழுக்கலாம், ஆனால் இழுக்காமல் வைத்திருந்தால் ரொம்ப நாள் வரும் என்று நரி பொறுமையாக விளக்கினான்.

அப்புறம் ஒரு நாள் மூன்றாவது வளைவில் வண்டிக்குள் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. நாச்சிமுத்து அதன் மேல் ஒரு இலையை ஒட்டிவிட்டு ஓட்டினான். மறுநாள் விளக்கோடு சத்தமும் வந்தது. சத்தத்தின் மேல் இலை ஒட்ட முடியாததால் ஷோரூமுக்குப் போனான்.

விஷயம் சின்னதுதான். புது மாடல் டீசல் வண்டிக்கு டீசல் மட்டும் ஊற்றினால் போதாது. புகை சுத்தமாக வருவதற்குத் தனியாக ஒரு சின்ன டேங்க் உண்டு. அதில் யூரியாத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது தீர்ந்துபோனால், அணைத்த வண்டி மறுபடி கிளம்பாது. இதை வாங்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் கேட்கவில்லையே என்றான் குணசேகரன். கம்பெனி யூரியா ஒரு கேன் என்ன விலை என்பதையும் சொன்னான். நாச்சிமுத்து பக்கத்திலிருந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அதுல அப்படி என்னதான் தம்பி இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்ணா. யூரியா, தண்ணி. அவ்வளவுதான்."

"யூரியான்னா?"

நரி டையைச் சரிசெய்துகொண்டான். அவன் படித்தவன். படித்தவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. "நம்ம எல்லார் மூத்திரத்துலயும் இருக்கறதுதானுங்க."

நாச்சிமுத்து கேனைப் பார்த்தான். பிறகு குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. இத்தனை நாளாக மரத்தடியில் சும்மா வீணாக்கிவிட்டோமே என்றுதான் முதலில் தோன்றியது.

அன்று மத்தியானமே வண்டியைக் குட்டைக் கரையில் நிறுத்தி, ஒரு பலகையைச் சாய்த்து வைத்து ஏறி, சின்ன டேங்கின் மூடியைத் திறந்து, தன்னால் ஆனதைச் செய்தான். கோடை என்பதால் கொஞ்சம்தான் ஆயிற்று. அந்தக் கொஞ்சத்துக்கே மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டது. உலகத்துக் கம்பெனிகளையெல்லாம் ஏமாற்றிவிட்ட பெருமையில் அவன் வால் நேராக நின்றது.

ஒருவன் மூத்திரத்தில் ஒரு வண்டி எத்தனை நாள் ஓடும்? நாச்சிமுத்து யோசித்து ஒரு திட்டம் போட்டான். என் தண்ணீரைத்தானே எல்லாரும் குடிக்கிறீர்கள், குடித்ததில் ஒரு பகுதியை எனக்கே திருப்பித் தாருங்கள் என்று அறிவித்தான். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு படிக்கட்டு, டேங்க் வாயில் ஒரு புனல், முன்னால் மறைப்புக்கு ஒரு பழைய சேலை. பஞ்சாயத்து ஒப்புதல் வேண்டும் என்று பாவாயம்மா ஒரு படிவமும் அடித்துக்கொடுத்தார். பெயர், இனம், உத்தேச அளவு, அண்மையில் சர்க்கரை வியாதி உண்டா என்று நான்கு கட்டங்கள். மான்கள் கூச்சப்பட்டன. மந்திகள் கூச்சப்படவில்லை, சேலையை விலக்கச் சொல்லித் தகராறு செய்தன. செவலையன் என்ற முயல் காலையிலிருந்து வரிசையில் நின்று, படியேறி, எல்லாரும் காத்திருக்கக் காத்திருக்க மூன்று சொட்டு விட்டுவிட்டு இறங்கி, ரசீது கேட்டது. பாவாயம்மா ஒரே ஒரு நாள் வந்தார். டேங்க் நிரம்பி, பம்பர் கழுவி, பின்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கிவிட்டன.

வண்டி ஓடியது. யூரியாவின் தரம் சரியில்லை என்று திரையில் அவ்வப்போது ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. ஏதோ வாழ்த்துச் செய்தி என்று நாச்சிமுத்து எடுத்துக்கொண்டான். இப்படியே மூன்று வாரம் போனது.

நான்காவது வாரம் பொன்னுரங்கம் ஐயா தண்ணீர் குடிக்க வந்தார். அவர் புலி. குட்டையில் வயிறு முட்டக் குடித்தார், பதிவேட்டில் கால்நாட்டு வைத்தார், பிறகு சேலைக்கு முன்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்து இது என்ன கூட்டம் என்று விசாரித்தார். நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் பல்லாகிவிட்டது. பெரிய இடத்து ஆட்கள் வரிசையில் நின்றால் அவர்களுக்கு ஒன்றுமில்லை, பார்க்கிற நமக்குத்தான் கூச்சமாக இருக்கும். அவன் பாதிப் படியேறியிருந்த முயலைப் பிடித்து இறக்கிவிட்டு, ஐயா வாங்க, நீங்க முதல்ல வாங்க என்று துண்டால் படியைத் துடைத்துவிட்டான். பொன்னுரங்கம் ஐயா மேலே ஏறித் திரும்பி நின்று, வாலை உயர்த்தி, தாராளமாக உபகாரம் செய்தார்.

இங்கே சட்ட விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காட்டில் பத்திர ஆபீஸ் கிடையாது. எந்த மரத்தில் யார் மூத்திரம் பெய்கிறாரோ அந்த மரம் அவருடையது. அந்த வாசம் எதுவரை வீசுகிறதோ அதுவரை அவர் எல்லை. எறும்புக்கும் தெரிந்த சட்டம் இது. நாச்சிமுத்துவுக்கும் தெரியும். ஆனால் டேங்க் என்பது மரம் இல்லையே என்று அவன் மூளை சும்மா இருந்துவிட்டது.

மறுநாள் வண்டி கிளம்பியதும் சைலன்சரிலிருந்து புலி வாசம் வந்தது. லேசாக இல்லை. சூடாக, தூவல் தூவலாக, அணையிலிருந்து குட்டை வரை ஏழு வளைவிலும் இலைக்கு இலை படிந்தது. நடந்தே போகாமல் பொன்னுரங்கம் ஐயாவின் எல்லை மலையடிவாரம் வரை நீண்டுவிட்டது. ஐயாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. காலையும் மாலையும் பாறை மேல் உட்கார்ந்து, தன் எல்லை ரோட்டில் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் நாச்சிமுத்து குட்டையில் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கரையில் ஒரு ஜீவன் இல்லை. வண்டிச் சத்தம் கேட்டபோதே மான்கள் ஓடிவிட்டன. மந்திகள் உச்சாணிக் கிளையில் உட்கார்ந்துகொண்டு, குடிக்க ஆசைதான், குலை நடுங்குகிறதே என்றன. ஐயாவோ முந்தைய நாள் குடித்ததே நாலு நாளைக்குப் போதும் என்று பாறையை விட்டு இறங்கவில்லை. பதிவேடு வெள்ளையாக இருந்தது.

இரண்டாம் நாளும் அப்படியே. நாச்சிமுத்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய்க் கெஞ்சினான். அவனைப் பார்த்ததுமே, அவன் மேலும் அதே வாசம் அடித்ததால், வீட்டில் யாரும் இல்லை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. நாளை ஒரு நாள்தான் பாக்கி. ஒப்பந்தம் போனால் தவணை போகும், தவணை போனால் குழி போகும். வீட்டுக்குப் போனால் ஒன்பது குட்டிகளும் சேற்றில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தன. மாராத்தாவின் கண்ணைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. அவளோ குழிக்குள் சாய்ந்துகொண்டு ஏதோ காகிதம் படித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் ஐந்தாவது வளைவில் வண்டி நின்றது. திடீரென்று நிற்கவில்லை. முதலில் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொண்டது. என்ன அழுத்தினாலும் நத்தை நடைக்கு மேல் போகவில்லை. நத்தை ஒன்று உண்மையிலேயே தாண்டிப்போய்த் திரும்பிப் பார்த்தது. பிறகு எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்து, எஞ்சின் அடங்கிவிட்டது. பின்னால் டேங்கில் தண்ணீர் தளும்பியது.

செய்தி பரவி, பஞ்சாயத்து அந்த வளைவிலேயே கூடியது. வண்டியை நகர்த்த முடியாததால் வேறு வழியில்லை. எஞ்சின் நின்று வாசம் அடங்கியிருந்ததால் எல்லாரும் தைரியமாக வந்தார்கள். நாக்கு வறண்டுபோய், ஒரு முழு டேங்க் தண்ணீரைச் சுற்றி நின்றார்கள். இங்கேயே குடித்துவிட்டுக் கால்நாட்டு வைக்கட்டுமே தாயே என்று நாச்சிமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். பாவாயம்மா காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். குட்டையில் ஊற்றிய தண்ணீர் என்றுதான் போட்டிருக்கிறது, வளைவில் நிற்கும் தண்ணீர் என்று போடவில்லை என்றார். எல்லாரும் நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டுத் தாகத்தோடு நின்றார்கள்.

குணசேகரன் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். சைலன்சருக்குள் இருக்கும் சுத்திகரிப்புப் பெட்டி செத்துவிட்டது. பம்ப் செத்துவிட்டது. யூரியா டேங்கில் காடே இருக்கிறது, அதில் புலியும் இருக்கிறது. உத்தரவாதம் செல்லாது. பழுது பார்க்க வண்டி விலையில் பாதி ஆகும். கட்ட முடியாவிட்டால் நாளைக் காலை வசூலுக்குக் கழுதைப்புலிகள் வரும், குழியைக் காலி செய்துகொடுத்துவிடுங்கள் என்று மரியாதையாகவே சொன்னான்.

அப்போது கூட்டம் தானாக விலகியது. பொன்னுரங்கம் ஐயா வந்தார்.

"வண்டி ஏன் நிக்குது? ரெண்டு மணி நேரமா என்ற எல்லையில வாசமே இல்லை" என்றார்.

ஐயா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்பக்கம் மோந்து பார்த்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இது தன்னுடைய வண்டி என்றார். வேண்டுமானால் எல்லாரும் மோந்து பார்க்கலாம்.

நாச்சிமுத்து அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசியவன் இல்லை. ஆனால் அது அவன் வண்டி. கதவில் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்ட வண்டி. ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாவாயம்மாவிடம் கொடுத்தான். அவர் புத்தகத்தைத் தும்பிக்கையால் மோந்தார். பிறகு வண்டியை மோந்தார்.

"புத்தகத்துல வாசம் இல்லையே நாச்சிமுத்து" என்றார் வருத்தமாக.

அவ்வளவுதான், கூட்டத்தில் குசுகுசுப்பு கிளம்பியது. மூத்திரம்தான் பத்திரம் என்றால் நாங்களும்தானே பெய்திருக்கிறோம் என்று மந்திகள் முன்னால் வந்து கேபின் தங்களுக்கு என்றன. மான்கள் டிரெய்லரில் பாதி கேட்டன. முயல் செவலையன் ரசீதை நீட்டி, மூன்று சொட்டுக்கு ஸ்டெப்னி டயராவது வர வேண்டும் என்றது. பாவாயம்மாகூட, தலைவி என்ற முறையில் தான் எதையும் கேட்பதில்லை, ஆனால் பம்பரைக் கழுவியது யார் என்பது எல்லாருக்கும் தெரியும் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். பொன்னுரங்கம் ஐயா ஒரு உறுமல் உறுமினார். ஆனாலும் யாரும் பின்வாங்கவில்லை. சும்மா கிடைக்கிற வண்டி என்றால் யாருக்கும் உயிர் பெரிசில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் மாராத்தா வந்து நின்றாள். பின்னால் ஒன்பது குட்டிகளும் வரிசையாக நின்றன. கையில் ஒரு காகிதம்.

"அம்மா, வண்டி ஐயாவுதுதானுங்க. வாசம் அவருதுதான் தூக்கலா இருக்குது. குடுத்துப்போடலாமுங்க" என்றாள் பாவாயம்மாவிடம்.

நாச்சிமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தான். பயந்துவிட்டாள் என்று நினைத்தான். பிறகு கோபம் வந்தது. தன் பக்கம் நிற்க உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள், அவளும் போய்விட்டாளே என்று நினைத்தபோது கோபம் போய் அழுகை வந்தது.

"ஆனா காகிதத்தை ஒரு தடவை படிச்சுப்போட்டுக் குடுத்தா முறையா இருக்குமுங்க" என்று மாராத்தா தொடர்ந்தாள். காகிதம் என்றதும் பாவாயம்மாவின் காதுகள் விரிந்தன. குணசேகரனைப் படிக்கச் சொன்னார். பதினான்காம் பத்தி என்று மாராத்தா எடுத்துக்கொடுத்தாள். தன் சீதனத்தை அடகு வைத்த காகிதம் என்பதால், அதை முழுசாகப் படித்த ஒரே ஜீவன் அவள்தான். எழுதிய நரிகூட அப்படிப் படித்ததில்லை.

நரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தான். அது அவன் தொழிலில் பட்ட அடியினால் சேர்த்த பத்தி. காட்டில் வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் தின்றுவிடுவது வழக்கம். அப்புறம் கடனை யாரிடம் கேட்பது? எனவே இப்படி எழுதியிருந்தான். 'கடன் பெற்றவரைத் தின்றோ, விரட்டியோ, வேறு எவ்விதத்திலோ வண்டியைத் தமதாக்கிக்கொள்பவர் எவரோ, அந்த நிமிஷம் முதல் மீதித் தவணை, பழுதுச் செலவு, காப்பீடு, அபராதம் யாவும் அவரையே சேரும். முந்தையவரின் ஈடு விடுவிக்கப்பட்டு, புதியவரின் சொத்து ஈடாக எடுத்துக்கொள்ளப்படும்.'

ஐந்தாவது வளைவில் காற்று நின்றது.

முதலில் மந்திகள் நினைவுகூர்ந்தன. தாங்கள் அன்று சேலைக்குப் பின்னால் சும்மா நின்றதோடு சரி, ஒன்றும் வரவில்லை. மான்களுக்கு அந்த வாரம் முழுக்க நீர்க்கடுப்பு. முயல் ரசீதை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டது. அன்று மழை பெய்ததாகத் தனக்கு ஞாபகம் என்றார் பாவாயம்மா. சித்திரையில் மழையா என்று யாரும் கேட்கவில்லை.

மிஞ்சியவர் பொன்னுரங்கம் ஐயா ஒருவர்தான். அவருக்கும் வாய் திறந்தது. இது என்னுடையது இல்லை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் என்ன ஆகும்? தன் மூத்திரம் செல்லாது என்று தானே பஞ்சாயத்தில் ஒத்துக்கொண்டதாகிவிடும். நாளைக்கே மலையில் இருக்கும் அத்தனை மரத்திலும் ஆள் ஆளுக்குக் காலைத் தூக்குவார்கள். அணைக்கு அந்தப் பக்கத்துப் பெண்புலி சாமான் சட்டியோடு குடிவந்துவிடும். ஐயா கூட்டத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், நரி நீட்டிய மைத்தட்டைப் பார்த்தார். புலி ஒன்று எச்சில் விழுங்கும் சத்தத்தைக் காடு அன்றுதான் முதல் முறையாகக் கேட்டது.

கால் வைத்துவிட்டார். தெற்கு மலைச்சரிவு முழுவதும் ஈடு எழுதப்பட்டது. நாவல் மரத்தடிச் சேற்றுக்குழி விடுவிக்கப்பட்டது என்று நரி எழுதிக்கொடுத்த காகிதத்தை மாராத்தா இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள். வண்டி உள்ளவருக்கே தண்ணீர் ஒப்பந்தம் என்று பாவாயம்மா தீர்ப்புச் சொன்னார். புது ஒப்பந்தக்காரர் என்ற முறையில் ஐயா போட்ட முதல் உத்தரவு, வளைவிலேயே எல்லாரும் குடித்துத் தொலைக்கலாம் என்பது. அந்த உத்தரவுக்கு மட்டும் காகிதத்தில் இடம் இருந்தது.

நாச்சிமுத்து அன்று மாலை சேற்றில் படுத்துக்கொண்டு, வண்டி போய்விட்டதே என்று ரகசியமாக அழுதான். சேறு என்பதால் வெளியே தெரியவில்லை. மாராத்தாவுக்குத் தெரிந்தது. "வண்டி ஓட்டத்தானுங்களே உங்களுக்கு ஆசை? வெச்சிருக்கணும்னு இல்லீங்களே?" என்றாள்.

புலிக்கு ஓட்டத் தெரியாது. கிளட்சுக்கு எட்டும் அளவு காலைச் சுருக்கினால் நகம் சீட்டைக் கிழித்துவிடுகிறது. ஆகவே மறுவாரம் நாச்சிமுத்து மாசச் சம்பளத்துக்கும் தினப்படிக்கும், ஐயா செலவில் பழுது பார்த்த அதே வண்டிக்கு டிரைவராகச் சேர்ந்தான். கம்பெனி யூரியாதான் ஊற்ற வேண்டும் என்று நரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் புகையில் இப்போது எந்த வாசமும் இல்லை. ஐயாவின் எல்லை பழையபடி சுருங்கிவிட்டது. வேட்டைக்குப் போக வேண்டிய நேரத்தில் அவர் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மான்களிடம் தயவுசெய்து குடித்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார். இளைத்துவிட்டார். வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை ஆறாவது வளைவில் எஞ்சினுக்குள் ஒரு விசில் சத்தம் கேட்டது. நாச்சிமுத்து காதைக் கொடுத்துக் கேட்டான். இந்தத் தடவை இலையைத் தேடவில்லை, டயரில் உட்காரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளியை மிகுந்த மரியாதையோடு திரும்பிப் பார்த்தான்.

"டர்போ போயிருச்சுங்க ஐயா" என்றான்.

நீதி: டீசல் பிக்கப்புக்கு ஐந்து வருஷ உத்தரவாதத்தைவிட நம்பகமானது, அதைப் பிடுங்கிக்கொள்ளத் துடிக்கும் ஒரு பெரிய மனிதர்.